அப்பாவுக்குக் கண்ணுல ஊசியா, லேசரா? கடலுக்குப் போறவர், மாசாமாசம் மதுரை வர முடியாது

தங்கச்சிமடம் மகன்
9 மார்ச் 2025

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

அப்பாவுக்கு 54 வயசு. விசைப்படகுல டிரைவர். சர்க்கரை வந்து 13 வருஷம் ஆச்சு. மாத்திரை இருக்கு, ஆனா கடலுக்குப் போற நாள்ல போட மாட்டார். "வெறும் வயித்தோட மாத்திரையைப் போட்டுட்டு நடுக்கடல்ல மயங்கி விழவா"ன்னு கேப்பார். போன தை மாசம் வலது கண்ணுல கறுப்பா நூல் ஆடுறாப்ல இருக்குன்னார். அதுக்கு முன்னாடி ஆறு மாசத்துல ரெண்டு தடவை கண்ணாடி மாத்தியாச்சு. கண்ணாடிக் கடையில ஒருத்தர் கூட "சர்க்கரை இருக்கா"ன்னு கேக்கல. நானும் யோசிக்கல. அதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

போன வியாழக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு கண்ணுப் பாப்பாவை விரிச்சு, விழித்திரையைப் போட்டோ எடுத்து, விழித்திரையை அடுக்கடுக்கா காட்டுற ஓசிடி ஸ்கேனும் பண்ணுனாங்க. ரெண்டு கண்ணுலயும் புது ரத்தக்குழாய் முளைச்சிருக்காம். வலது கண்ணுல நடுப்பகுதியில நீர் கோத்திருக்கு. பார்வை வலது 6/24, இடது 6/9 (கீழ இருக்குற எண்ணு கூடுனா பார்வை கம்மின்னு அர்த்தம்). மூணு மாச சர்க்கரை சராசரி 10.2. பிரஷர் 160/100.

வலது கண்ணுக்கு மாசம் ஒண்ணா மூணு ஊசி, அப்புறம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க. ரெண்டு கண்ணுக்கும் லேசர் வேணும், அதைப் பல தவணையா வைப்பாங்களாம்.

அப்பா ஊசிக்குச் சரின்னுட்டார். லேசர்னா ஒரே பிடியா வேணாங்கிறார். பாம்பன்ல அவரோட சிநேகிதர் லேசர் வச்ச பிறகு ராத்திரி பக்கத்துப் படகு விளக்கே மங்கலாத்தான் தெரியுதுன்னு சொல்லியிருக்கார். ராத்திரி கண்ணு தெரியலேன்னா டிரைவர் வேலை போச்சு. ஊசி மட்டும் போட்டுக்கிட்டா போதாதா? ஆனா மாசாமாசம் மதுரை வர்றதும் நடக்குற காரியமா தெரியல. வாரம் மூணு நாள் கடல், ஒரு நாள் போகலேன்னா அந்தப் பங்கு இல்ல. பஸ்ல போகவே நாலு மணி நேரம்.

இது மாதிரி யாராச்சும் பாத்திருக்கீங்களா?

பனைக்குளத்தான்
9 மார்ச் 2025

தம்பி, எங்க மாமா கதையைச் சொல்றேன். இதே மாதிரிதான், ஊசி மட்டும். மூணு ஊசியிலேயே பேப்பர் படிக்க ஆரம்பிச்சிட்டார். நல்லாத்தான தெரியுது, எதுக்கு அலையணும்னு விட்டுட்டார். நாங்களும் வற்புறுத்தல. எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில சிவப்பா திரை போட்டாப்ல ஆயிருச்சு. கண்ணுக்குள்ள ரத்தம். போய்க் காட்டுனா விழித்திரையை இழுத்துப் பிரிச்சிருக்குன்னாங்க. ஆபரேஷன் பண்ணியும் அந்தக் கண்ணுல கை ஆட்டினா தெரியுற அளவுதான் இருக்கு.

உன் அப்பா தொடர்ந்து வருவார்னு உனக்கே நம்பிக்கை இல்லேன்னா, ஊசி மட்டும்னு ஒத்துக்காத.

மதுரை விழித்திரை
10 மார்ச் 2025

நான் மதுரையில் விழித்திரை மருத்துவராக இருக்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வெளிநோயாளிப் பிரிவில் அவசரமாகப் பேசும்போது இதை விளக்க நேரம் கிடைப்பதில்லை.

அவருக்கு இருப்பது ஒன்றோடு ஒன்று பின்னிய இரண்டு பிரச்சினைகள். சர்க்கரையால் விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவர் பழுதாகிறது. சில இடங்களில் கசிகிறது. கசிவு நடுப்பகுதியில் தேங்கினால் அதுதான் நீர் கோத்தல். எழுத்து மங்குவதும் முகம் மங்குவதும் அதனால்தான். வேறு சில இடங்களில் குழாய் அடைபட்டுப் போகிறது. ரத்தம் கிடைக்காத விழித்திரை, எனக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதத்தின் தூண்டுதலில் புதுக்குழாய்கள் முளைக்கின்றன. அவை பலமில்லாதவை. தும்மினாலும் உடையலாம், தூங்கும்போதும் உடையலாம். நாளடைவில் தழும்பாகி விழித்திரையையே இழுக்கும். பனைக்குளம் நண்பரின் மாமாவுக்கு நடந்தது அதுதான்.

ஊசி அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுகிறது. கசிவு வற்றும், புதுக்குழாய் சுருங்கும். ஆனால் மருந்தின் வேலை சில வாரங்கள்தான். லேசர் வேறு வழியில் போகிறது. ரத்தம் கிடைக்காத ஓரப்பகுதியில் சிறு சிறு சூடுகள் வைத்து, அந்தப் புரதத்தைச் சுரக்கும் திசுவையே குறைத்துவிடுகிறது. முறையாக வைத்தால் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 சூடு வரை ஆகும். இதற்கு நீண்ட காலப் பலன் உண்டு. 1976இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, கடும் பார்வை இழப்பை லேசர் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. ஐம்பது வருடமாக நாங்கள் அதை நம்பி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

லேசரின் விலையை மறைக்க மாட்டேன். உங்கள் அப்பாவின் சிநேகிதர் சொன்னது பொய்யில்லை. ஓரப்பார்வை கொஞ்சம் குறையும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக நேரம் எடுக்கும். 2015இல் ஒரு பெரிய ஆய்வில் லேசருக்குப் பதில் ஊசி மட்டும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் பார்வை குறையவில்லை, ஓரப்பார்வையும் லேசர் வைத்தவர்களைவிட நன்றாகவே நின்றது. அதைப் படித்துவிட்டு நாங்கள் பலரும் ஊசிப்பக்கம் சாய்ந்தோம்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் தேதி தவறாமல் கூப்பிட்டு வரவழைக்கப்பட்டவர்கள். 2019இல் இன்னொரு ஆய்வு வந்தது, சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போனவர்களைப் பற்றி. ஊசி மட்டும் போட்டிருந்த 30 கண்களில் 10 கண்ணில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. லேசர் வைத்திருந்த 46 கண்களில் அப்படி ஆனது ஒன்றே ஒன்று.

எனக்கு முன்னால் உட்காருபவர் கடலுக்குப் போகிறவர் என்றால், மருந்தை யோசிப்பதற்கு முன்னால் "அடுத்த முறை எப்போது வருவீர்கள்" என்றுதான் கேட்பேன். வர முடியாதவருக்கு ஊசியை மட்டும் நம்பச் சொல்ல என்னால் முடியாது.

உச்சிப்புளி சிஸ்டர்
10 மார்ச் 2025

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்திக்கங்க தம்பி. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கரையிலதான நிக்கும். முதல் ஊசியைத் தள்ளிப் போடாம இந்த மாசமே போட்டுருங்க. ரெண்டாவதும் மூணாவதும் தடைக்காலத்துக்குள்ள வந்துரும். லேசர் தவணையையும் அந்த ரெண்டு மாசத்துலயே முடிச்சுக் குடுங்கன்னு அங்க கேளுங்க. ஊசி போட்ட பிறகு கண்ணுல உப்புத்தண்ணி படக் கூடாது, சில நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. கரையில இருக்கும்போதுதான் அதெல்லாம் நடக்கும்.

மாத்திரை விஷயத்துல உங்க அப்பாவைத் திட்டாதீங்க. அவர் பயம் வீண் பயம் இல்ல. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடாம போட்டா சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மெட்பார்மின் தனியா போட்டா அப்படி இறங்குறது அபூர்வம். எந்த மாத்திரையால பயப்படுறார்னு சீட்டைக் காட்டி சர்க்கரை டாக்டர்கிட்ட பேசுனா, கடல் நாளுக்கு ஏத்தாப்ல மாத்திக் குடுப்பாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வந்தும் டப்பாவுல அப்படியே இருக்குற வீடு எத்தனையோ நான் பாத்திருக்கேன். ஏன் போடலேன்னு உக்காந்து கேட்டா இப்படி ஒரு காரணம் இருக்கும்.

கண் டாக்டரும் சர்க்கரை டாக்டரும் தனித்தனி ஊர்ல இருக்காங்க, ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரே ஃபைல் போட்டு எல்லாத்தையும் அதுல வைங்க. சிறுநீர்ல புரதம் போகுதான்னும் பாத்துக்கங்க. கண்ணு இந்த அளவுக்குக் கெட்டிருந்தா சிறுநீரகத்தையும் பாக்காம விடக் கூடாது.

சாயல்குடி பனை
11 மார்ச் 2025

வெள்ளைச் சர்க்கரையை விட்டுட்டுக் கருப்பட்டிக்கு மாறச் சொல்லுங்க. நம்ம ஊரு பொருள், சர்க்கரையை ஏத்தாது. கண்ணுக்கும் குளிர்ச்சி.

உச்சிப்புளி சிஸ்டர்
11 மார்ச் 2025

அண்ணே, நானும் பனங்காட்டுக்குள்ள வளந்தவதான். எங்க அப்பத்தா கருப்பட்டி காய்ச்சுன அடுப்பு இன்னும் வீட்டுல இருக்கு. ஆனா அதுல பெரும்பங்கு இனிப்புதான், ரத்தத்துல சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். சர்க்கரை உள்ளவங்க கருப்பட்டிக் காப்பின்னு நாளுக்கு நாலு டம்ளர் குடிச்சிட்டு வந்து நிக்கிறாங்க. தயவுசெஞ்சு இதைச் சொல்லாதீங்க.

தங்கச்சிமடம் மகன்
12 மார்ச் 2025

ரொம்ப நன்றி. தடைக்காலம்னு நான் யோசிக்கவே இல்ல. அப்பாகிட்ட அந்த 30 கண்ணு, 46 கண்ணு கணக்கைச் சொன்னேன். ஒண்ணும் பேசல. "பனைக்குளத்துல அது யாரு"ன்னு மட்டும் கேட்டார்.

டாக்டரய்யா, ரெண்டு சந்தேகம். வலது கண்ணுக்கு லேசரும் வைக்கணும்னா ஊசி எதுக்கு, லேசரை மட்டும் வச்சா ஆகாதா? ஊசியில மூணு விலை சொன்னாங்க, எது போடுறது?

மதுரை விழித்திரை
12 மார்ச் 2025

நடுவில் நீர் இருக்கும்போது ஓரத்தில் நிறைய லேசர் வைத்தால், அந்த நீர் கொஞ்ச நாள் கூடிவிடலாம். அதனால் முதலில் ஊசி போட்டு நடுப்பகுதியை வற்றவைத்துவிட்டு, லேசரைத் தவணையாக வைப்பார்கள். உங்களுக்குச் சொன்ன வரிசை சரியாகத்தான் தெரிகிறது.

விலை. பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. கண்ணுக்கென்று அனுமதி இல்லாவிட்டாலும் 2005லிருந்து உலகம் முழுக்கக் கண்ணில் போடுகிறார்கள். ஒரு குப்பியைப் பலருக்குப் பிரித்துப் போடுவதால் விலை குறைவு. பிரிக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், அதில் எந்தச் சமரசமும் கூடாது. ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே செய்தது. 2015லிருந்து நம் நாட்டிலேயே அதற்கு இணையான மருந்து தயாராகிறது, விலை நடுத்தரம். அஃப்ளிபர்செப்ட் விலை கூடியது. 2015இல் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 660 பேரிடம். பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். பார்வை நன்றாகக் குறைந்திருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்ளிபர்செப்ட் மேல். 6/24 என்பது அந்த இரண்டாவது கூட்டம். ஆனால் விலை கூடிய ஊசி ஒன்றைப் போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதைவிட, விலை குறைந்ததை மூன்று முறையும் ஒழுங்காகப் போடுவது மேல் என்பது என் கருத்து. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எதற்குக் கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகு கண் சிவந்திருப்பது சகஜம். மறுநாளோ மூன்றாம் நாளோ வலி கூடி, பார்வை குறைந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட மூன்று நாளைக்கு அவர் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டியது முக்கியமாக இதற்காகத்தான். நடுக்கடலில் வலி கண்டால் கரைக்கு வரவே பொழுது போய்விடும்.

கீழக்கரை மகள்
14 மார்ச் 2025

இடையில கேக்குறேன், மன்னிச்சுக்கங்க. எங்க வாப்பாவுக்கு 61 வயசு. முப்பது வருஷம் சபுர்ல, வெளிநாட்டுல இருந்துட்டு போன வருஷம்தான் ஊருக்கு வந்தாங்க. நோம்பு நாலாம் நாள் சஹருக்கு எந்திரிச்சப்ப இடது கண்ணுல பனி மூடுனாப்ல இருக்குன்னாங்க. வலி இல்ல. புரையா இருக்கும், பெருநாள் முடியட்டும்னு சொல்லிட்டாங்க. உம்மா கட்டாயப்படுத்தி நேத்துதான் காட்டுனோம். விழித்திரை நரம்புல ரத்தம் அடைச்சிருக்குன்னாங்க. வாப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம்தான், பிரஷர்தான் ஜாஸ்தி. அதே ஊசிதான் போடணுமாம். இது சர்க்கரை நோய் இல்லேன்னா எதுக்கு அதே ஊசி?

மதுரை விழித்திரை
14 மார்ச் 2025

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரையில் அடைப்பு போலத் தெரிகிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு வருவது. வடிகால் அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, விழித்திரையில் ரத்தமும் நீரும் தேங்குகின்றன. நோய் வேறு, ஆனால் கசிவைத் தூண்டும் புரதம் அதேதான், அதனால் மருந்தும் ஒன்றே. ஒரு கிளைச் சிரை அடைத்தால் பாதிப்பு அந்தப் பகுதியோடு நிற்கும். மையச் சிரையே அடைத்தால் விழித்திரை முழுக்கப் பாதிக்கும். எது என்று சீட்டில் பாருங்கள்.

மையச் சிரை அடைப்பில், ரத்தம் அறவே போகாத வகை ஒன்று உண்டு. அதில் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் கண்ணின் முன்பகுதியில் புதுக்குழாய் முளைத்து, கண் அழுத்தம் கடுமையாக ஏறி, தாங்க முடியாத வலி வரலாம். அதனால்தான் முதல் சில மாதம் அடிக்கடி வரச் சொல்வோம். பார்வை குறைவாகவே இருக்கிறது, போய் என்ன ஆகப்போகிறது என்று நின்றுவிடாதீர்கள். பிரஷரையும் கண் அழுத்தத்தையும் அடுத்த கண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பனி மூடியதுபோல் இல்லாமல், விளக்கை அணைத்தாற்போல் ஒரு கண் ஒரே நொடியில் இருண்டால், வலி இல்லாவிட்டாலும், அது ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனியின் அடைப்பாக இருக்கலாம். அது கண்ணுக்கு வந்த பக்கவாதம். மூளைக்கும் அடுத்து வரலாம். கண்ணாடிக் கடைக்கோ முகாமுக்கோ போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை அது.

கீழக்கரை மகள்
15 மார்ச் 2025

சீட்டுல கிளைன்னுதான் இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். ஊசிக்குப் பெருநாள் வரைக்கும் காத்திருக்கல. உம்மா, காக்கா (அண்ணன்) எல்லாரும் பேசி, திங்கக்கிழமை போறோம். துஆ செய்யுங்க.

சின்னப்பாலம்
23 மார்ச் 2025

எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. மூச்சடக்கி முங்கித்தான் எடுக்கணும். சர்க்கரை இருக்கு. போன மாசம் முகாம்ல போட்டோ எடுத்துட்டு, புதுக்குழாய் இருக்கு, லேசர் வைக்கணும்னாங்க. அம்மாவுக்குப் பார்வை ஒரு குறையும் இல்ல, ஊசியில நூல் கோக்குறாங்க. அதனால நம்ப மாட்டேங்கிறாங்க. முங்கலாமா?

மதுரை விழித்திரை
23 மார்ச் 2025

லேசர் வைத்துக் குழாய் அடங்கும் வரைக்கும் மூச்சடக்கி முங்குவதும், முக்கித் தூக்கும் வேலையும் வேண்டாம் என்பேன். மூச்சை அடக்கி அழுத்தும்போது தலையில் அழுத்தம் ஏறும், பலமில்லாத குழாய் உடையலாம். பார்வை முழுசாக இருக்கும்போது லேசர் வைக்கச் சொல்வது வீண்வேலை போலத்தான் தோன்றும். ஆனால் லேசரால் காப்பாற்ற முடிவது இருக்கிற பார்வையை, போனதைத் திருப்பித் தராது. நூல் கோக்கும் கண்ணோடு அவர்கள் வருவது எனக்கு நல்ல சேதி.

பனைக்குளத்தான்
24 மார்ச் 2025

டாக்டர், ஒண்ணு கேக்கணும். மாமாவுக்குக் கண்ணுல ரத்தம் வந்ததும், ஹார்ட்டுக்குக் குடுத்த ஆஸ்பிரினாலதான்னு யாரோ சொல்லி நிறுத்திட்டார். இன்னும் போடல.

மதுரை விழித்திரை
24 மார்ச் 2025

அதை இருதய மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நாளைக்கே. ஆஸ்பிரின் நாளுக்கு 650 மில்லிகிராம் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரிடம் பார்த்திருக்கிறார்கள், அதனால் சர்க்கரை நோயாளியின் கண்ணில் ரத்தக்கசிவு கூடவில்லை. இருதயத்துக்குக் கொடுத்ததைக் கண்ணுக்குப் பயந்து தானாக நிறுத்தக் கூடாது.

தங்கச்சிமடம் மகன்
22 ஏப்ரல் 2025

முதல் ஊசி மார்ச் 20 போட்டாச்சு. ரெண்டாவது நேத்து. அப்பா பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்லையாம். கண்ணைக் கழுவ விடுற அந்தப் பழுப்பு மருந்துதான் எரியுது, ஊசி குத்துனது அமுக்குனாப்லதான் இருந்ததுன்னார். வலது கண்ணு 6/18க்கு வந்திருக்கு. நேத்து புது பாம்பன் பாலத்து வழியா ரயில்லயே போனோம். பாலம் திறந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. அப்பா ஜன்னலோரம் உக்காந்து கீழ நங்கூரம் போட்டிருக்குற படகையெல்லாம் பேர் சொல்லிக்கிட்டே வந்தார்.

லேசருக்கு இன்னும் வாய் திறந்து சரின்னு சொல்லல. ஆனா டாக்டர்கிட்ட அவரே கேட்டார், "ஒரே நாள்ல வைக்காம, முதல்ல இடது கண்ணுல கொஞ்சம் வச்சுப் பாக்கலாமா"ன்னு. பாக்கலாம்னாங்க.

மாத்திரை மாத்தியாச்சு. சர்க்கரையை ஒரேயடியா இறக்கிட வேணாம், திடீர்னு இறக்குனா கண்ணு கொஞ்ச நாள் மோசமாகலாம், படிப்படியா கொண்டுவருவோம்னு சொன்னாங்க. இது எனக்குப் புதுசு.

உச்சிப்புளி சிஸ்டர்
22 ஏப்ரல் 2025

ஆமா, அப்படி நடக்குறது உண்டு. அதுக்காகச் சர்க்கரையைக் குறைக்காம விட்டுறக் கூடாது, போகப் போக அதுதான் கண்ணைக் காக்கும். பிரஷர் என்ன இருக்கு இப்ப? அதை எழுதலையே நீங்க.

தங்கச்சிமடம் மகன்
23 ஏப்ரல் 2025

148/90 அக்கா. கருவாடு, ஊறுகாய் குறைச்சிருக்கோம். அம்மாவுக்கும் சேத்துப் பாத்தோம், அவங்களுக்கும் சர்க்கரை இருக்கு. அடுத்த தடவை அவங்களுக்கும் பாப்பாவை விரிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கேன்.

தங்கச்சிமடம் மகன்
29 ஜூன் 2025

ரொம்ப நாளா எழுதல. மூணு ஊசியும் முடிஞ்சது. லேசர் இடது கண்ணுக்கு மூணு தவணை, வலது கண்ணுக்கு ரெண்டு தவணை வச்சாச்சு, ஒண்ணு பாக்கி. வலது 6/12. நடுவுல இன்னும் கொஞ்சம் நீர் இருக்கு, நாலாவது ஊசி வேணும்னாங்க, ஜூலை 17 தேதி குடுத்திருக்காங்க.

ராத்திரிப் பார்வை கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கு. அப்பா மறைக்கல. கரையில இருட்டுல நின்னு பாத்துட்டு அவரே சொன்னார். முதலாளிகிட்ட நானும் அப்பாவும் போய்ப் பேசுனோம். ராத்திரி வீல் பிடிக்க இன்னொரு ஆளைப் போட்டுக்கலாம், விடிஞ்சதுலேர்ந்து அப்பா பாத்துக்கட்டும்னுட்டார். பங்கு கொஞ்சம் குறையும். தடை முடிஞ்சு முதல் தடவை போயிட்டு வந்தப்ப, நண்டும் இறாலும் நல்லா பட்டிருந்துச்சு.

ஜூலை 17 வியாழக்கிழமை. வீல்கிட்ட ஒட்டியிருக்குற காலண்டர்ல அப்பா அந்தத் தேதியைச் சிவப்பு மையால வட்டம் போட்டு வச்சிருக்கார்.

சின்னப்பாலம் நண்பரே, அம்மா லேசர் வச்சாங்களா?

சின்னப்பாலம்
30 ஜூன் 2025

ஒரு கண்ணு முடிஞ்சது. அடுத்த கண்ணு புதன்கிழமை.